எண் ஏன் துள்ளுகிறது?

(மாத்தளையில் மாணவர், ஆசிரியர், பெற்றோர் கூடிய அவையில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



மாத்தளையில் ஒரு மேடை கிடைத்தால் பேசுவதற்கு விடயத்துக்கா பஞ்சம்? 1848ஆம் ஆண்டுக் கிளர்ச்சியைப் பேசலாம். அலுவிகாரையைப் பேசலாம். தோட்ட வேலைக்காகத் தலைமன்னார்ப் பக்கம் கரையிறங்கி, காட்டு வழியே நடந்து, தம்புள்ளையைத் தாண்டி இந்த ஊருக்குள் வந்து சேர்ந்த நம் பாட்டன் பாட்டிமாரின் பாதையைப் பேசலாம். அதைப் பேசத் தொடங்கினால் விடியும்வரை பேசலாம். ஆனால் நான் இன்று பேசப்போவது ஒரு சின்ன எண்ணைப் பற்றி. நிற்க வேண்டிய இடத்தில் நிற்காமல் துள்ளிக்கொண்டே இருக்கும் ஓர் எண்ணைப் பற்றி.

உயர்தரத்தில் தொழினுட்பப் பிரிவு 2013இல் தொடங்கிற்று. அன்றுமுதல் பாடசாலைக் கண்காட்சிகளின் முகமே மாறிவிட்டது. எரிமலை மாதிரிகள் இருந்த மேசைகளில் இப்போது ஆர்டுயினோ என்ற சிறு கணினிப் பலகை இருக்கிறது. மண்ணின் ஈரத்தைப் பார்த்துத் தானே தண்ணீர் பாய்ச்சும் கருவி இல்லாத கண்காட்சியை நீங்கள் எங்கேயாவது கண்டிருக்கிறீர்களா? ஒரு சாடி, ஒரு மிளகுக் கன்று, மண்ணில் குத்திய உணரி, பக்கத்தில் சிறிய திரை. திரையில் 412. அடுத்த விநாடி 437. அப்புறம் 398. யாரும் தண்ணீர் ஊற்றவில்லை. யாரும் சாடியைத் தொடவில்லை. எண் மட்டும் துள்ளுகிறது.

நடுவர் கேட்கிறார்: "மகன், இதில் எது சரி?"

இரண்டு பதில்தான் வரும். ஒன்று, "சேர், சென்சர் சரியில்லை, மலிவானது." மற்றது, "சேர், நாங்கள் பத்து எண்ணை எடுத்துச் சராசரி போட்டிருக்கிறோம்."

இந்த இரண்டு பதிலுக்கும் எதிராகப் பேசத்தான் நான் வந்திருக்கிறேன். பழியை உணரியின்மேல் போடுவது அவசரம். சராசரிக்குள் புதைப்பது அதைவிடப் பெரிய அவசரம். துள்ளுகிற எண் ஒரு சாட்சி. சாட்சியை விசாரிக்காமல் வாயை அடைத்தால் வழக்கு எப்படித் துலங்கும்?

விசாரிப்போம். முதலில் ஆர்டுயினோப் பலகையில் இருக்கும் அந்தச் சின்னச் சில்லு என்ன செய்கிறது என்று பார்ப்போம். அது வோல்ற்றை அளக்கிறது என்று நாம் சொல்கிறோம். உண்மையில் அது அளப்பதில்லை, ஒப்பிடுகிறது. ஒரு பக்கம் உணரி தரும் மின்னழுத்தம், மறு பக்கம் தன்னிடம் இருக்கும் ஒரு படி, அதாவது ஒப்பிட்டுப் பார்க்கும் மின்னழுத்தம். அந்தப் படியை 1024 கூறாக்கி, உணரி தந்தது எத்தனை கூறு என்று சொல்கிறது. ஆர்டுயினோ ஊனோவில் உள்ள ஏற்றிமெகா 328 சில்லின் தொழில் இவ்வளவுதான். படி 5 வோல்ற்று என்றால் ஒரு கூறு 4.88 மில்லிவோல்ற்று.

இங்கேதான் தோட்டத்து மனிதர்கள் பட்டணத்துப் பிள்ளைகளைவிடச் சீக்கிரம் விளங்கிக்கொள்வார்கள். ரத்தோட்டைப் பக்கம், எல்கடுவப் பக்கம், கம்மடுவப் பக்கம் தேயிலைக் கொழுந்து நிறுக்கிற இடத்தில் நின்று பாருங்கள். தராசு காட்டும் எண்ணை எந்தப் பெண்ணும் அப்படியே நம்பிவிட மாட்டாள். சாக்குக்கு எவ்வளவு கழித்தார்கள், ஈரத்துக்கு எவ்வளவு கழித்தார்கள், முள் சுழியத்தில் நின்றதா, தராசு ஆடிக்கொண்டிருக்கும்போதே எழுதிவிட்டார்களா? கொழுந்து மாறியதா, தராசு மாறியதா? நூறு ஆண்டுக்கு மேலாக நம் பெண்கள் கேட்டுவரும் கேள்வி இது. நான் உங்களுக்குச் சொல்லித்தரப் போகும் முழு இலத்திரனியலும் இந்தக் கேள்விக்குள் அடங்கும். எண் மாறினால், பொருள் மாறியதா, படி மாறியதா?

படி மாறுமா என்று கேட்பீர்கள். மாறும். நன்றாக மாறும். ஊனோவை நாம் சும்மா விட்டால் அது தன் மின்வழங்கலையே படியாக வைத்துக்கொள்கிறது. கணினியின் யூஎஸ்பி துளையில் செருகினால் ஒரு மின்னழுத்தம். மலிவான தொலைபேசி சார்ஜரில் செருகினால் வேறொன்று. வயர் மெல்லியதாக இருந்தால், ரிலே ஒன்று இழுத்தால், இன்னும் இறங்கும். 5 வோல்ற்று என்று நாம் எழுதி வைத்திருக்கிறோம். அங்கே இருப்பது 4.6 ஆக இருக்கலாம்.

கணக்குப் பார்ப்போமா? எல்எம்35 என்ற வெப்ப உணரியை எல்லோரும் அறிவீர்கள். ஒரு பாகைக்குப் பத்து மில்லிவோல்ற்று தரும். அறை 25 பாகை என்றால் 250 மில்லிவோல்ற்று. படி சரியாக 5 வோல்ற்று என்றால் சில்லு 51 என்று சொல்லும். இப்போது மின்வழங்கல் 4.6க்கு இறங்கட்டும். வெப்பநிலை அதேதான், உணரி தருவதும் அதே 250 மில்லிவோல்ற்றுதான். ஆனால் சில்லு 55 என்று சொல்லும். உங்கள் நிரல் இன்னும் 5 வோல்ற்று என்றே நம்பிக்கொண்டு, 55ஐப் பெருக்கி, கிட்டத்தட்ட 27 பாகை என்று திரையில் போடும். அறை சூடாகவில்லை. உணரி பொய் சொல்லவில்லை. படி சுருங்கிவிட்டது, அவ்வளவுதான்.

இதற்கு மருந்து சில்லுக்குள்ளேயே இருக்கிறது. 1.1 வோல்ற்று உள்ளகப் படி ஒன்று அதற்குள் உண்டு. ஒரே ஒரு கட்டளை வரியால் அதைத் தெரிவு செய்யலாம். அப்போது ஒரு கூறு ஒரு மில்லிவோல்ற்றுக்குச் சற்றே மேல். எல்எம்35இல் அரை அரைப் பாகையாக நகர்ந்தது பத்தில் ஒரு பாகையாக நகரும். அந்த உள்ளகப் படி சில்லுக்குச் சில்லு வேறுபடும். 1.0இலிருந்து 1.2வரை எங்கேயும் இருக்கலாம். ஆனால் உங்கள் கையில் இருக்கும் சில்லில் அது நிலையாக நிற்கும். ஒருமுறை மல்டிமீற்றரால் அளந்து, அந்த எண்ணை நிரலில் எழுதிவிடுங்கள். ஒன்று மறக்க வேண்டாம்: 1.1க்கு மேல் வரும் எதையும் அது 1023 என்றே சொல்லும். படியை மாற்றியபின் வரும் முதல் சில எண்களையும் தள்ளிவிடுங்கள்.

எல்லா உணரிக்கும் இந்த மருந்து தேவையா? தேவையில்லை. பொட்டென்சியோமீற்றர் இருக்கிறது. வெப்பத்துக்கு மாறும் தேர்மிஸ்டரை ஒரு தடையியோடு தொடுத்த இணைப்பு இருக்கிறது. இவை மின்வழங்கலையே பங்கிட்டுத் தருபவை. வழங்கல் இறங்கினால் இவையும் அதே விகிதத்தில் இறங்கும், படியும் இறங்கும். விகிதம் மாறாது, எண் மாறாது. அப்படிப்பட்ட உணரிக்குப் போய் உள்ளகப் படியை வைத்தால், இல்லாத நோயை நீங்களே வரவழைக்கிறீர்கள். ஆகவே உணரியை வாங்கியதும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று: நீ தனிக் கணக்குத் தருகிறாயா, பங்குக் கணக்குத் தருகிறாயா?

அடுத்து, தண்ணீர் பாய்ச்சும் மோட்டருக்கு வருவோம். கலேவெல, தம்புள்ளைப் பக்கம் மரக்கறி செய்கிறவர்கள் சொட்டு நீர்ப் பாசனத்துக்கு இப்படி ஒரு கருவியைக் கேட்கிறார்கள். கருவியைச் செய்கிறோம். மேசையில் அருமையாக வேலை செய்கிறது. தோட்டத்தில் வைத்தால் பேய் பிடித்ததுபோல் ஆடுகிறது. ஏன்?

மின்கொள்ளளவு முறையில் ஈரம் பார்க்கும் உணரியை எடுத்துக்கொள்வோம். கறுப்பாக, நீளமாக, கடைகளில் தாராளமாகக் கிடைப்பது. மண் காய்ந்தால் எண் கூடும், நனைந்தால் எண் குறையும். 520க்கு மேல் போனால் மோட்டரைப் போடு என்று எழுதியிருக்கிறோம். போட்டது. தண்ணீர் பாய்கிறது, மண் நனைகிறது, ஆனால் எண் இறங்க மறுக்கிறது. மோட்டர் ஓடிக்கொண்டே இருக்கிறது. பாத்தி குளமாகிவிட்டது. கருவி இன்னும் "காய்ந்திருக்கிறது, காய்ந்திருக்கிறது" என்கிறது. ஓடிப்போய்க் கையால் மோட்டரை நிறுத்தினால், அந்தக் கணமே எண் தொப்பென்று விழுகிறது!

கவனியுங்கள். அந்தக் கணத்தில் மண்ணில் எதுவும் நடக்கவில்லை. மோட்டர் நின்றது, எண் விழுந்தது. அப்படியானால் குற்றவாளி மண்ணா? உணரியா? மோட்டரின் வயரில் ஓடிய மின்னோட்டம்தான். உணரியின் கிரவுண்ட் வயரையும் மோட்டரின் கிரவுண்ட் வயரையும் ஒன்றாக முறுக்கி, ஒரே மெல்லிய வயரால் பலகைக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள். அந்த வயரின் தடை 0.1 ஓம் மட்டுமே என்று வையுங்கள். மோட்டர் ஒரு அம்பியர் இழுத்தால் வயரின் இரு முனைக்கும் இடையில் 100 மில்லிவோல்ற்று. உணரியின் காலடியே 100 மில்லிவோல்ற்று உயர்ந்து நிற்கிறது. 4.88ஆல் வகுத்துப் பாருங்கள்: இருபது கூறு! வழங்கலும் சற்று இறங்கினால் படியும் சுருங்கும், அதுவும் எண்ணை மேலேதான் தள்ளும். இரண்டும் சேர்ந்து, ஈர மண்ணைக் காய்ந்த மண் என்று காட்டுகின்றன.

ஈரம் கூடினால் எண் கூடும்படி இணைத்த உணரி என்றால் கூத்து வேறு மாதிரி. மோட்டர் போட்டதும் எண் உயரும், "நனைந்துவிட்டது" என்று மோட்டர் நிற்கும், நின்றதும் எண் இறங்கும், மறுபடி போடும். ரிலே டக், டக், டக், டக் என்று தாளம் போடும். சிலர் அதற்கு நிரலில் ஐந்து விநாடி தாமதம் வைக்கிறார்கள். தாளம் மெதுவாகிறது, அவ்வளவுதான். கூத்து நிற்கவில்லை.

என்ன செய்வது? மோட்டரின் கிரவுண்ட் தனியாக வரட்டும், உணரியின் கிரவுண்ட் தனியாக வரட்டும், இரண்டும் மின்வழங்கலின் வாயில் ஒரே ஒரு இடத்தில் சந்திக்கட்டும். மோட்டருக்குக் குறுக்கே ஓர் இருவாயியைப் போடுங்கள்; மோட்டர் நிற்கும்போது எழும் மின்துள்ளலை அது விழுங்கிக்கொள்ளும். சில்லின் மின்வழங்கல் காலருகே 100 நானோபரட் கொள்ளளவி ஒன்று. இவற்றுக்கெல்லாம் என்ன செலவு? ஒரு தேநீர்க்கடைக் கணக்குத்தான். இதில் பாதிப் பரிகாரத்துக்குப் பொருளே வாங்கத் தேவையில்லை, ஒரு வயரை இடம் மாற்றினால் போதும்.

இப்போது மண்ணுக்கே வருவோம். மிளகு, ஏலம், கொக்கோ, சாதிக்காய் எல்லாம் விளைகிற மாவட்டம் இது. ஏற்றுமதி விவசாயத் திணைக்களத்தின் மத்திய ஆராய்ச்சி நிலையமே இங்கேதான் இருக்கிறது. மிளகு நாற்றுமேடைகள் வைத்திருப்போர் எத்தனையோ பேர். ஆகவே மண் ஈர உணரி நமக்கு விளையாட்டுப் பொருள் அல்ல.

இரண்டு கவைகளாக நீட்டிக்கொண்டிருக்கும் பழைய மாதிரி உணரி ஒன்று உண்டு. மண் ஊடாக மின்னோட்டத்தை விட்டு ஈரத்தைப் பார்க்கும். அதை இரவு பகலாக மின் கொடுத்தபடி மண்ணில் விட்டால் என்ன ஆகும்? மின்பகுப்பு. இரசாயனவியல் படிக்கும் பிள்ளைகளுக்கு நான் சொல்லவா வேண்டும்? ஒரு கவையின் உலோகம் கரைந்து மண்ணுக்குள் போகும், எண் நாளுக்கு நாள் நகரும், சில வாரங்களில் கவை அரித்துப்போகும். அதைப் பாவித்தே ஆக வேண்டும் என்றால், அளக்கும் கணத்தில் மட்டும் மின் கொடுங்கள், அளந்ததும் நிறுத்துங்கள். இன்னொன்று, அந்த உணரிக்கு உப்பும் ஈரமும் ஒன்றுதான். நீங்கள் பசளை போட்டாலும் "நனைந்தது" என்று சொல்லும்.

முன்பு சொன்ன கறுப்பு உணரிக்கு அரிப்பு இல்லை. ஆனால் சந்தையில் அதே முகத்தோடு வேறு வேறு உள்ளம் கொண்டவை கிடைக்கின்றன. குறைந்த மின்னழுத்தத்தில் ஓடக்கூடிய 555 சில்லுக்குப் பதிலாக, 4.5 வோல்ற்றுக்குக் கீழே ஓடுவதற்கென்று செய்யப்படாத பழைய 555 சில்லு சிலவற்றில் இருக்கிறது. 3.3 வோல்ற்றில் அதை ஓட்டினால் எண் எப்படி நிலைக்கும்? சிலவற்றில் ஒரு தடையி கிரவுண்டோடு சேராமலே விடப்பட்டிருக்கும். அப்போது ஈரத்தை மாற்றினாலும் எண் மிக மெதுவாக, நிமிடக் கணக்கில் நகரும். இங்கே மட்டும் "சென்சர் சரியில்லை" என்ற பதிலை நான் ஏற்றுக்கொள்வேன், நீங்கள் அதைக் காட்டி நிரூபித்தால்.

உணரியும் சரி, வயரும் சரி, ஆனாலும் எண் மாறுகிறது என்றால்? மண்ணே மாறியிருக்கலாம் அல்லவா? கவை நெடுக மண் ஒட்டாமல் காற்று இடைவெளி இருந்தால் அந்த உணரி காற்றை அளக்கிறது. கன்று நட்ட பொலித்தீன் பையில் தண்ணீர் ஊற்றியதும் அது ஓரத்தால் வழிந்து ஓடும், நடுமண் பிறகுதான் நனையும். அந்த நேரத்தில் வரும் எண் துள்ளல் பிழை இல்லை, நடப்பைச் சொல்கிறது. அதைச் சராசரிக்குள் போட்டு மூடுகிறவன் மண்ணைப் படிக்கும் வாய்ப்பை இழக்கிறான்.

அன்பானவர்களே, இதுவரை பெரிய குற்றவாளிகளைப் பார்த்தோம். ஒளிந்திருக்கும் ஒருவனையும் பார்ப்போம். சில்லில் உணரியைச் செருகும் கால்களை அனலொக் கால் என்போம்; எந்த உணரியும் செருகாத ஓர் அனலொக் காலை வாசித்துப் பாருங்கள். சுழியம் வரவேண்டும் என்று நினைப்பீர்கள். வராது. 300 வரும், 450 வரும், பக்கத்தில் கை கொண்டுபோனால் எண் அலைபோல் ஏறி இறங்கும். அது என்ன அலை? உங்கள் வீட்டுச் சுவரில் ஓடும் 230 வோல்ற்று, 50 ஹேர்ட்ஸ். மகாவலியின் நீர் பொல்கொல்லையிலிருந்து சுரங்க வழியே வந்து உக்குவெலவில் சுழலியைச் சுற்றுகிறதே, அந்தச் சுழற்சியின் அலை காற்று வழியே அந்த அனலொக் காலில் வந்து ஏறுகிறது. தளர்ந்த வயர், பிரெட்போர்ட் துளையில் சரியாக உட்காராத கம்பி, ஈயம் பிளந்த மூட்டு, எல்லாம் இந்தக் கதைதான். செருகியிருக்கிறது என்று கண் சொல்கிறது. செருகவில்லை என்று எண் சொல்கிறது. நான் எண்ணைத்தான் நம்புவேன்.

இதற்கு ஓர் உறவுக்காரன் உண்டு. ஊனோவில் ஆறு அனலொக் கால்கள் இருந்தாலும் உள்ளே ஒப்பிடுகிறவன் ஒருவன்தான். முறை வைத்து ஒவ்வொரு காலாகப் போய்ப் பார்க்கிறான். அவன் கையில் ஒரு சிறு கொள்ளளவி. 14 பிக்கோபரட் மட்டும். முந்தின காலில் இருந்து கொண்டுவந்த மின்னூட்டத்தை அடுத்த காலில் கொட்டி மாற்றிக்கொள்ள வேண்டும். உணரியின் தடை 10 கிலோஓமுக்கு மேல் போனால் அதற்கு நேரம் போதாது. அப்போது முதலாம் காலின் எண் இரண்டாம் காலில் பேயாகத் தெரியும். ஒளி உணரியை மூடினால் வெப்பநிலை மாறுகிறது என்று ஒரு பிள்ளை சொன்னால் சிரிக்காதீர்கள். அது இதுதான். காலை மாற்றியதும் வரும் முதல் எண்ணைத் தள்ளிவிட்டு அடுத்ததை எடுங்கள். அல்லது காலுக்கும் கிரவுண்டுக்கும் இடையில் 100 நானோபரட் போடுங்கள். ஈஎஸ்பி32 பலகை பாவிக்கும் பிள்ளைகளுக்கு ஒரு தனிச் செய்தி: அதன் இரண்டாம் அனலொக் தொகுதிக் கால்கள் வைஃபை ஓடும்போது உங்களுக்குக் கிடையாது. பகலெல்லாம் வேலை செய்த உணரி இணையத்தில் இணைத்ததும் செத்துவிட்டது என்று தேடிக்கொண்டிருக்க வேண்டாம்.

இனி, கொழுந்துத் தராசுக்குத் திரும்புகிறேன். காரணம் உண்டு. இன்று தோட்டங்களுக்கு வந்திருக்கும் மின் தராசும் ஓர் அனலொக் உணரிதான்! உள்ளே ஓர் உலோகத் துண்டு, அதன்மேல் நான்கு மெல்லிய தடைகள். பாரம் தொங்கும்போது உலோகம் மயிரிழை வளையும், தடை மாறும். முழுப் பாரத்துக்கும் அது தருவது எவ்வளவு தெரியுமா? ஒரு வோல்ற்றுக்கு ஏறத்தாழ 2 மில்லிவோல்ற்று. 5 வோல்ற்று கொடுத்தால் 10 மில்லிவோல்ற்று. 50 கிலோத் தராசு என்றால் ஒரு கிலோவுக்கு 0.2 மில்லிவோல்ற்று. ஊனோவின் ஒரு கூறு 4.88. நேரடியாக ஊனோவில் செருகினால் 24 கிலோ ஏறினால்தான் எண் ஒன்று நகரும்! அதனால்தான் எச்எக்ஸ்711 போன்ற 24 பிற் சில்லைப் பாவிக்கிறோம். அது உணரிக்குக் கொடுக்கும் மின்னையே படியாகவும் வைத்துக்கொள்வதால், நான் சொன்ன பங்குக் கணக்கு. வழங்கல் ஆடினாலும் எடை ஆடாது. விநாடிக்குப் பத்துத் தடவை என்ற மெதுவான வேகத்தில் ஓட்டினால் 50 ஹேர்ட்ஸ் அலையையும் அதுவே கழித்துவிடும்.

அப்படியானால் மின் தராசு துள்ளாதா? துள்ளும். மலையில் காற்று அடிக்கும், சாக்கு ஆடும். காலைப் பனியில் சுழியம் வைத்த தராசு உச்சி வெயிலில் நகர்ந்திருக்கும். பாரத்தைத் தொங்கவிட்டபடியே வைத்திருந்தால் உலோகம் மெல்ல மெல்ல இளகி எண் ஊர்ந்துபோகும். பெட்டிக்குள் ஈரம் புகுந்தால், எறும்பு புகுந்தால், அந்த 0.2 மில்லிவோல்ற்று எந்த மூலைக்கு? மலைநாட்டில் எறும்பு புகாத பெட்டியைச் செய்தவனுக்குத் தனிப் பரிசு கொடுக்கலாம். வணிகத் தராசுகளைச் சரிபார்த்து முத்திரையிடுவதற்கு அளவீட்டு அலகுகள், நியமங்கள் மற்றும் சேவைகள் திணைக்களம் இருக்கிறது. 1995ஆம் ஆண்டு 35ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. ஒரு நாட்சம்பளத்தின் கிலோக் கணக்கு அந்த 0.2 மில்லிவோல்ற்றில் தொங்குகிறது. தொழினுட்பம் படித்த தோட்டத்துப் பிள்ளை, அறிந்த எடையுள்ள கல் ஒன்றைக் கொண்டுபோய்க் காலையும் மாலையும் தொங்கவிட்டுப் பார்த்து எழுதி வைத்தால், அது எந்தக் கூட்டத்திலும் பேசக்கூடிய ஆதாரம். கோபத்தோடு பேசுவதைவிட அட்டவணையோடு பேசுவது மேல் என்பது என் கட்சி.

சரி, சராசரிமேல் எனக்கு என்ன கோபம்? சராசரி கெட்டதா? இல்லை. காரணம் தெரிந்தபின் எடுக்கும் சராசரி மருந்து. காரணம் தெரியாமல் எடுக்கும் சராசரி மயக்க மருந்து. 50 ஹேர்ட்ஸ்தான் தொல்லை என்று கண்டுபிடித்துவிட்டீர்களா? அலையின் ஒரு முழுச் சுற்று 20 மில்லிவிநாடி. அந்த 20 மில்லிவிநாடி முழுவதும் வாசித்துச் சராசரி எடுங்கள். ஊனோவின் வேகத்தில் ஏறத்தாழ 180 வாசிப்பு. மேடும் பள்ளமும் ஒன்றையொன்று கழித்துவிடும். அப்படியில்லாமல் "பத்து" என்று வாய்க்கு வந்த எண்ணை எடுத்தால் மேடு மட்டும் அகப்படலாம், பள்ளம் மட்டும் அகப்படலாம். எப்போதாவது ஒருமுறை 1023 என்று ஓர் எண் பாய்கிறதா? சராசரி அதையும் கூட்டாக்கிக்கொள்ளும். எண்களை வரிசைப்படுத்தி நடு எண்ணை எடுங்கள், பாய்ந்தது ஒதுங்கிவிடும். ஆனால் தளர்ந்த மூட்டையோ கிரவுண்ட் பிழையையோ எந்தச் சராசரியும் திருத்தாது. ஒரே பக்கமாகத் தள்ளும் பிழையை ஆயிரம் தடவை கூட்டி ஆயிரத்தால் வகுத்தாலும் அதே பிழைதான் வரும்.

இது பரீட்சைப் புள்ளிக்கான பேச்சு என்று நினைத்துவிடாதீர்கள். 2025 நவம்பர் 28ஆம் திகதி 'டித்வா' சூறாவளி இலங்கையின் கரையைத் தொட்டது. 600க்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. கண்டி, நுவரெலியா, பதுளையோடு நம் மாத்தளை மலைகளும் சரிந்தன. மண்சரிவு எச்சரிக்கைகளை விடுக்கும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மழை அளவை வைத்துப் படிநிலைகளை வகுத்திருக்கிறது: 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் என்றால் விழிப்பு, 100 என்றால் எச்சரிக்கை, 150 என்றால் வீட்டை விட்டு வெளியேற்றம். 150 என்பது திரையில் ஓர் எண். தோட்டத்து லயத்தில் அது, நடுச்சாமத்தில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இறங்குவதா வேண்டாமா என்ற கேள்வி.

பல மழைமானிகளில் கவிழும் கிண்ணம் இருக்கிறது. நிரம்பினால் கவிழும், கவிழும்போது ஒரு தட்டல். அது எண்ணும் கருவி, அனலொக் அல்ல. ஆனால் நோய் அதற்கும் உண்டு. தட்டலைப் பதியும் ஆளி அதிர்ந்தால் ஒரு தட்டல் இரண்டாகப் பதியும். கூடுதல் மழை காட்டும். பேய்மழையில் கிண்ணம் கவிழ்ந்துகொண்டிருக்கும்போதே விழும் நீர் கணக்கில் வராது. குறைந்த மழை காட்டும். எந்த மழையில் சரியான எண் மிகவும் தேவையோ அந்த மழையில்தான் கிண்ணம் குறைத்துச் சொல்கிறது. அதைச் சரிசெய்ய ஒரு திருத்தக் கணக்கு வேண்டும், பக்கத்தில் சாதாரண மழைமானி ஒன்றும் வேண்டும்.

நீர்மட்டமோ நிலவெடிப்போ அளக்க உணரி தூரத்தில் இருந்தால், மின்னழுத்தத்தை நீண்ட வயரில் அனுப்பாதீர்கள். தொழிற்சாலைக்காரர் பல பத்தாண்டாகப் பாவிக்கும் வழி 4 முதல் 20 மில்லியம்பியர். மின்னோட்டமாக அனுப்பினால் வயரின் தடை எண்ணைக் கெடுக்காது. இந்தப் பக்கம் 250 ஓம் தடையி வைத்தால் 1 முதல் 5 வோல்ற்று கிடைக்கும். அதில் எனக்குப் பிடித்த அழகு வேறு. சுழிய அளவுக்கே 4 மில்லியம்பியர். வயர் அறுந்தால் 0. "நீர் இல்லை" என்பதும் "வயர் இல்லை" என்பதும் வேறு வேறு எண். உயிர் சம்பந்தப்பட்ட எந்தக் கருவியும் தான் கெட்டுப்போனதைத் தானே சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். மௌனமாகக் கெடும் கருவி இல்லாத கருவியைவிட ஆபத்தானது.

மாணவச் செல்வங்களே, உங்கள் கருவி துள்ளினால் நிரலைத் தொடாதீர்கள். முதலில் உணரியைக் கழற்றுங்கள். அதன் இடத்தில் ஒரே பெறுமதியுள்ள இரண்டு தடையிகளைத் தொடுத்து, நடுப்புள்ளியைக் காலில் கொடுங்கள். மின்வழங்கலையே படியாக வைத்திருந்தால் 512ஐ ஒட்டி நிற்கவேண்டும். நின்றால் பலகை நல்லது, வெளியே தேடுங்கள்; இதுவும் பங்குக் கணக்கு என்பதால் மின்வழங்கலை மட்டும் இன்னும் விடுவித்துவிட வேண்டாம். நிற்கவில்லையா? பலகையிலும் மின்வழங்கலிலும் தேடுங்கள். சார்ஜரைக் கழற்றி பற்றரியில் ஓட்டிப் பாருங்கள். மோட்டரின் வயரைக் கழற்றிப் பாருங்கள். மல்டிமீற்றரின் முனையைச் சில்லின் காலிலேயே வையுங்கள், மேசையின் மறுபக்கத்தில் அல்ல. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மூன்றை மாற்றி நோய் தீர்ந்தால் எது நோய் என்று உங்களுக்குத் தெரியாது, அடுத்த வாரம் அது திரும்பி வரும்.

ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். கண்காட்சியில் விளக்கு மினுக்குகிற கருவிக்குப் புள்ளி கொடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் எதுவுமே மாறாத நிலையில் ஒரு மணி நேரம் எடுத்த எண்களின் வரைபைக் கேளுங்கள். அந்தக் கோடு ஏன் இத்தனை அகலம் என்று கேளுங்கள். பதில் சொல்லும் பிள்ளைக்கு, கருவி அன்று வேலை செய்யாவிட்டாலும், முதல் புள்ளியைக் கொடுங்கள்.

பிள்ளைகளே, அடுத்த கண்காட்சிக்கு வரும்போது கருவியோடு ஓர் அப்பியாசக் கொப்பியையும் கொண்டு வாருங்கள். எந்த வயரைக் கழற்றியபோது எண் என்ன ஆயிற்று என்று எழுதிய பக்கத்தைத் திறந்து வையுங்கள். நடுவர் "எது சரி?" என்று கேட்டால் அந்தப் பக்கத்தைக் காட்டுங்கள்.